கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

ஊரில் இருந்தவரை பாஸ்டரம்மாவுக்கு 'மைக்செட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவள் நாத்தனார், வைத்ததில் தப்பும் இல்லை. பெண்கள் கூட்டத்தில் அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். யாருக்குக் கிட்னியில் கல், எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனான், யார் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் ஒப்பித்துவிடுவாள். பெயர் சொல்லி, விவரம் சொல்லிக் கேட்பதுதான் ஜெபம் என்று பார்த்து வளர்ந்தவள். அங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. என் விஷயத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்தான் உண்டு.

அப்பேர்ப்பட்டவள், கணவரோடு ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்ததும் வாயடைத்துப் போனாள். பாஷை தெரியாது. கடையில் உப்பு வேண்டுமென்றால் நாக்கை நீட்டி விரலால் தொட்டுக் காட்டுவாள். கணவர் பாஷைப் பள்ளியில் சேர்ந்து மளமளவென்று படித்து, பிரசங்கமே பண்ண ஆரம்பித்துவிட்டார். இவள் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, தாடை வலிக்கச் சிரித்துக்கொண்டு நிற்பாள். ஆத்துமாக்களைத் தேடி இவ்வளவு தூரம் வந்து கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கே அவள்மேல் எரிச்சல்.

கைகொடுத்தவள் கீழ்வீட்டுத் தையல்காரி. குளிர்கோட்டுக்கு ஜிப் மாற்றப் போனதில் தொடங்கிய பழக்கம். தையல்காரி மிஷினை ஓட்டிக்கொண்டே பேசுவாள். இவள் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்பாள். தப்பும் தவறுமாக எதையாவது சொன்னால் தையல்காரி சிரிக்க மாட்டாள். அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால் மட்டும், "பார்க்கலாம்" என்று நழுவிவிடுவாள். அதனால் என்ன, வெளிநாட்டில் பாஸ்டரம்மாவுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

ஒருநாள் தன் மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"என் வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்க்கிறார்னு சொன்னேன் இல்ல, அது பொய். ஜெயில்ல இருக்கார். குடிச்சுட்டு ஒருத்தரை அடிச்சுட்டார். அடிபட்டவர் இன்னும் படுத்த படுக்கைதான்."

எந்த ஊர் ஜெயில் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைக்குத் தெரியாது. கொஞ்சம் வளரட்டும், நானே சொல்லிக்கிறேன். வெளியில யாருக்கும் தெரியாது, உங்ககிட்டதான் சொல்றேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதாரத்தான் சொன்னாள். ஆண்டவரிடம் சொல்வதும் அந்தக் கணக்கில் சேரும் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

அந்த வாரக் கூட்டம் வழக்கம்போல் அவர்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. பேக்கரிக்காரரும் மனைவியும், பஸ் டிரைவர், இன்னும் தெருக்காரர்கள் சிலர். கணவர் திடீரென்று அவள் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நீ ஜெபம் பண்ணேன்" என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முதலில் வார்த்தை சிக்கிச் சிக்கித்தான் வந்தது. நாள்பட மூடிக் கிடந்த குழாயில் காற்றாக வந்து வந்து கடைசியில் தண்ணீர் கொட்டுமே, அப்படி அந்தப் பாஷை அவள் வாயில் கொட்ட ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் முழங்காலுக்காக ஜெபித்தாள். டிரைவரின் வேலைக்காக ஜெபித்தாள். அடுத்து கீழ்வீட்டுச் சகோதரிக்கு வந்தாள். எந்த ஊர் ஜெயில், என்ன அடிதடி, எல்லாம் சொன்னாள். "அப்பா கப்பல்ல இருக்கார்னு அந்தப் பிள்ளை நம்பிட்டு இருக்கே, ஆண்டவரே" என்று சொல்லும்போது அழுதேவிட்டாள். எல்லோரும் உருக்கமாக ஆமென் என்றார்கள்.

கண்ணைத் திறந்தாள். வாசலில், கோட்டைக்கூடக் கழற்றாமல், தையல்காரியும் மகளும் நின்றிருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக வந்திருந்தார்கள். மகளுக்குப் புதுக் கவுன் தைத்துப் போட்டுவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளை பாஸ்டரம்மாவைப் பார்க்கவில்லை, தன் அம்மாவைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு கணவர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "நீ கெட்ட எண்ணத்துல சொல்லலையே. ஜெபத்துலதானே சொன்ன?"

"அதுதாங்க இன்னும் கேவலமா இருக்கு. நான் அழுதேனே, அது அவளுக்காகன்னா நெனச்சீங்க? எனக்குப் பாஷை வந்துடுச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். பேக்கரியம்மா உச்சுக்கொட்டினதும் இன்னும் நல்லா சொல்லணும்னு தோணுச்சு."

அவர் நாற்காலிகளை எடுத்து மடக்கி வைத்தார்.

அதற்கப்புறம் அவள் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடிபோல் படியிறங்கினாள். பேக்கரியில் இவளைப் பார்த்ததும், "பாவம், அந்தத் தையல்காரி" என்று பேச்சைத் தொடங்கினார்கள்; ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டாள். தையல்காரியைப் பார்த்து ஜாடையாகப் பேசுகிறார்கள், தைக்கக் கொடுத்த துணியைக்கூட ஒருத்தி திருப்பி வாங்கிக்கொண்டாள் என்று காதில் விழுந்தபோது, தன் நாக்கையே பிடுங்கிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு. திறந்தது மகள்.

"அம்மா துணி குடுக்கப் போயிருக்காங்க" என்றது. உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

பாஸ்டரம்மா சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அம்மாவுக்கானது. பிள்ளையிடம் என்ன சொல்வது? "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

அது தலையை மட்டும் ஆட்டியது. கதவு விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டது: "எங்கப்பா எந்த ஊர் ஜெயில்ல இருக்கார்? அம்மாகிட்ட கேட்டா அழறாங்க. நாங்க பாதியிலதான் வந்தோம், ஊர்ப்பேர் காதுல விழல. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஊர்ப்பெயர் நாக்கு நுனியில் நின்றது. "அதை நான் சொல்லக் கூடாதும்மா. அம்மாவே சொல்லுவாங்க."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. கோபமெல்லாம் இல்லை, புரியாமல்தான் கேட்டது.

"அன்னிக்கு எல்லாருக்கும் சொன்னீங்களே. எனக்கு மட்டும்தான் சொல்லக் கூடாதா?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.