யோகா வழிமொழிந்த பேராயர்

பேராயரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாசலில் ஒரு தாளில் கையொப்பம் வைக்கவேண்டும். உள்ளே யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று வெளியில் மூச்சு விடமாட்டேன் என்பது அதன் சாரம். நானும் வைத்தேன். ஆகவே எண்களை என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது யோகாவைப் பற்றி. யோகாவைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டேன்.

யோகா கிரெய்கிபர்ன் என்கிற புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார். வயது ஐம்பத்தொன்று. ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. கணவர் யுத்தத்தில் போய்விட்டார். மகள் வினுஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்து இறங்கியவர். வந்த புதிதில் எங்கள் அங்கிலிக்கன் கோயிலில் புதன்கிழமைகளில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். வந்தவர் பாட்டுக்குழுவில் சேர்ந்தார், பிறகு ஞானஸ்நானம் பெற்றார், பிறகு கோயில் பூட்டின் திறப்பே அவர் கையில்தான் என்றாகிவிட்டது. "எல்லாம் வந்திட்டுது, இங்கிலீஷ்தான் இன்னும் வரேல்லை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் எங்கள் பேராயர் ஓய்வுபெற்றார். புதியவரைப் பிடிப்பது ஒரு மாத வேலை என்று நினைத்தேன். ஒன்பது மாதம் இழுத்தது. முதலில் குருமாரும் சபையாருமாகப் பதின்மூன்று பேர் கொண்ட தெரிவுக் குழு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் குழு கோயில் கோயிலாகப் போய், உங்களுக்கு எப்படிப்பட்ட பேராயர் வேண்டும் என்று கேட்டது. எங்கள் மண்டபத்தில் ஆளுக்கொரு ஆசையைச் சொன்னார்கள். கணீரென்ற குரல் வேண்டும், இளம் பிள்ளைகளைக் கோயிலில் பிடித்துவைக்கத் தெரியவேண்டும், பிரசங்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கடைசியாகச் சொன்னது என்னுடையது. யோகா எழுந்து, "கூப்பிட்டால் வாற ஆள் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் மொழிபெயர்த்தேன். குழுவில் இருந்த பெண் ஒருவர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

குழு விண்ணப்பங்களை வாங்கி, பரிந்துரைகளை விசாரித்து, நேர்முகம் நடத்தி, ஜெபம் செய்து, கடைசியில் மூன்று பெயர்களை வெளியிட்டது. இந்த மூவரில் ஒருவரை சினட் என்கிற எங்கள் பெரிய சபை கூடி, வாக்குப் போட்டு எடுக்கவேண்டும். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் குருவானவரோடு சபையாரின் பிரதிநிதிகளும் போவார்கள். எங்கள் பிரதிநிதிகள் நானும் யோகாவும். யோகாவுக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை. இந்த நாட்டில் அவர் போடப்போகிற முதல் வாக்கே பேராயருக்குத்தான்.

அந்த மூன்று பெயர்களில் ஒன்று ரூத் ஹாலோரன். பெயரைப் பார்த்ததும் யோகா தன் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று சத்தமாகக் கை தட்டினார். ரூத் பத்து வருடங்களுக்கு முன் எங்கள் கோயிலில் உதவிக் குருவாக இருந்தவர். அடுத்த நாளே ரூத்தை முன்மொழியும் மூத்த குருவானவர் தொலைபேசியில் அழைத்து, யோகாதான் வழிமொழியவேண்டும், மேடையில் மூன்று நிமிடம் பேசவேண்டும் என்று கேட்டார். கை தட்டின மனிசி கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் மாட்டன் அண்ணை. நான் கதைச்சால் ரூத் தோத்துப்போவா."

நான் சிரித்தேன். யோகா சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே. விசாவுக்கு ரெண்டு தரம் விசாரணைக்குப் போனனான். ரெண்டு தரமும் நான் வாய் திறந்து கதைச்சனான். ரெண்டு தரமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். நான் வாய் திறந்த காரியம் ஒண்டும் இந்த நாட்டிலை வெண்டதில்லை. பாவம், ரூத்துக்கு அது வேண்டாம்."

விசா வேறு வழியாகப் பிற்பாடு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாட்களும் அவருக்குள் அப்படியே கிடந்திருக்கின்றன. பன்னிரண்டு வருடமாக அவரைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்த எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, "எழுதிறது என்ரை பொறுப்பு, வாசிக்கிறது உம்மடை பொறுப்பு" என்று அதட்டினேன். வினுஷாவும், "அம்மா, ஜஸ்ட் ரீட் இட்" என்றாள். யோகா அரைமனதோடு தலையாட்டினார்.

நான் இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன். மூன்று நிமிடம் என்றால் எனக்கு மூன்று நிமிடம்தான். யோகாவின் வாய்க்குச் சரிவரும் சிறு சிறு ஆங்கில வசனங்களாக எழுதிக் கொடுத்தேன். குசினியில் நின்று பதினொரு தரம் வாசித்தார், நான் கடிகாரம் பிடித்தேன். பதினொரு தரமும் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை. நகரத்தில் பெரிய மண்டபம், அறுநூறு பேர். முதல் பெயருக்கு ஒரு தாடிக்காரக் குருவானவர் வழிமொழிந்து மிக அழகாகப் பேசினார். இரண்டாம் பெயர் முடிந்தது. ரூத்தின் பெயர் வந்தது. முன்மொழிந்தவர் பேசி இறங்க, யோகா நீலச் சேலையில் மேடையேறினார். தாளை விரித்தார். ஒலிவாங்கியைப் பார்த்தார். நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? மேடையில் ஏறிய தமிழர் எவராவது சபைக்கு வணக்கம் சொல்லாமல் பேசத் தொடங்கியதுண்டா? பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நின்ற நாளிலிருந்து ஊறிப்போன விஷயம். குசினியில் வெறும் சுவருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை, நானும் கணக்கில் எடுக்கவில்லை. கணித வாத்தியார்!

யோகா இந்த மண்ணின் ஆதிக்குடிகளை வணங்கினார். குருமாரை வணங்கினார். வராத அவர்களுடைய துணைவர்களை வணங்கினார். செயலாளரை, வாக்கு எண்ணுவோரை, காலையில் தேநீர் ஊற்றித் தந்த தாய்மாரை, ஒலிவாங்கியைப் பதித்து வைத்த பையனை. பிறகு, எனக்கு முன் பேசிய தாடி ஐயா மிகவும் நன்றாகப் பேசினார், அவர் சொன்னவர் மிக நல்லவராகத்தான் இருக்கவேண்டும், அவருக்கும் என் வணக்கம் என்றார். எதிர்ப்பக்கத்துக்கு வாக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்! நான் தலையில் கை வைத்தேன்.

"இப்போது ரூத்தைப் பற்றி" என்று தாளைப் பார்த்தார். மணி அடித்தது. மூன்று நிமிடம்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. கேலிச் சிரிப்பு அல்ல, ஆனால் யோகாவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் முகம் கறுத்துப்போனது. தாளை மடித்தார். மூன்றாம் தடவையும் தன் வாயால் கெட்டது என்று அவர் நினைப்பது எனக்குப் பின்வரிசையிலேயே தெரிந்தது. நான் எழும்பி ஏதாவது சொல்லலாம் என்று பார்ப்பதற்குள் வேறொருவர் எழுந்துவிட்டார்.

எழுந்தவர் அந்தத் தாடி ஐயா. "தலைவர் அவர்களே, இங்கே பேசிய எவரும் எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை, நான் உட்பட. இவருக்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுக்கும்படி கேட்கிறேன்" என்றார். விதியில் அதற்கு இடம் உண்டு. சபை சம்மதித்தால் சரி. தலைவர் கேட்டார். அறுநூறு கைகள் உயர்ந்தன.

யோகா தாளை விரிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. வந்தது உடைந்த ஆங்கிலம். அதை நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"எனக்கு விசாரணை இருந்தது. வரமுடியுமா என்று ரூத்தைக் கேட்டேன். வந்தார். உள்ளே அவருக்குப் பேச அனுமதி இல்லை. ஒரு மூலைக் கதிரையில் இருந்தார். ஏழு மணித்தியாலம். நான் தோற்றேன். இரண்டாம் முறை, அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். கூப்பிட்டேன். மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி வந்தார். அதே கதிரையில் இருந்தார். அன்றும் தோற்றேன். வெளியில் வந்து இரண்டு பேரும் படிக்கட்டில் இருந்து முட்டை சான்ட்விச் சாப்பிட்டோம். எனக்கு எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை. சாப்பிடு யோகா என்றார். வெல்லும்போது கூட வர நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் கோயில் ஒருநாள் தோற்கும். அன்று இவரைக் கூப்பிடுங்கள், வருவார். நன்றி."

பதினைந்து விநாடி மீதமிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், நெடுநேரம். யோகா ஓடிவந்து என் பக்கத்தில் இருந்தார். "கெடுத்துப்போட்டனோ அண்ணை?" என்றார்.

குருமார் ஒரு பெட்டியிலும் சபையார் ஒரு பெட்டியிலும் வாக்குப் போட்டோம். இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் விழுந்தால்தான் தெரிவு. முதல் சுற்றில் யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் யோகா தன் சீட்டை நான்காக மடித்து, இரண்டு கையாலும் பெட்டிக்குள் விட்டார். பின்னேரம் மூன்றாம் சுற்று எண்ணி முடிய, தலைவர் எழுந்து ஒரு பெயரை வாசித்தார்.

மண்டபம் எழுந்து நின்றது. யோகா எழவில்லை. தன் காதை நம்பாமல் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஆர் அண்ணை? ஆரெண்டு சொன்னவர்?"

"ரூத்."

வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பெரிதாகச் சிரித்தார்.

"நான் கதைச்சும் அவ வெண்டிட்டா அண்ணை! நான் கதைச்சும்!"

"நீர் கதைச்சபடியால் வெண்டவ" என்றேன்.

பகிடியோ உண்மையோ என்று யோகா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டத் தொடங்கினார்.