கோழி இறகும் எக்ஸ்ரே படமும்

கோழி இறகு கட்டிய அம்பு காற்றில் போகும்போது பட்டுச்சேலை உரசுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். பனையோலை கட்டியது சரசரக்கும். எக்ஸ்ரே படத்தை வெட்டி ஒட்டியதோ வண்டு பறப்பதுபோல இரைந்துகொண்டு போய் வாழைக்குற்றியில் 'டொக்' என்று குத்தி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்த அம்பு போகிறது என்று அந்த நாளில் எனக்கும் சுபாவுக்கும் தெரியும்.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. வட்டுக்கோட்டையில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தபோது, மற்றப் பிள்ளைகள் சைக்கிள் டைனமோவில் பாடும் வானொலி, சொட்டு மண்ணெண்ணெயில் விடியும்வரை எரியும் விளக்கு என்று போரால் வந்த அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்துக்கு உதவும் சாமான்களைச் செய்யத் தொடங்கினார்கள். சுபாவுக்கு மட்டும் அம்பில் புத்தி போயிற்று. அம்பின் வாலில் எதைக் கட்டினால் குறி தப்பாது, எதைக் கட்டினால் நெடுநாள் பிய்யாமல் இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்டுவோம் என்றாள். விஞ்ஞான ரீச்சர் சிரித்தார், ஆனால் மறிக்கவில்லை.

மூங்கிலை வளைத்து நைலோன் கயிறு கட்டி வில் செய்தோம். கமுகஞ் சிலாகையைச் சீவி ஒரே நீளத்தில், ஒரே பாரத்தில் அம்புகள் செய்து, நுனியில் ஆணி வைத்துக் கட்டினோம். வாலுக்குக் கோழி இறகு, காக்கை இறகு, பனையோலை, பால்மாப் பெட்டி மட்டை என்று நான்கு வகை சேர்ந்தன. ஐந்தாவதாக சுபா தன் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெரிய உறையைத் தூக்கி வந்தாள். அவளுடைய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்தபோது எடுத்த எக்ஸ்ரே படம் அது. நான் மாமி என்று கூப்பிடுகிற அந்த அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்று, "என்ரை எலும்பையும் எய்யப் போறியளோ? எய்யுங்கோ, எய்யுங்கோ, அது இனி என்னத்துக்கு?" என்று சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இருபது அடி தூரத்தில் வாழைக்குற்றியை நிறுத்திக் கரியால் வட்டம் போட்டு, ஒவ்வோர் அம்பும் நடுவிலிருந்து எவ்வளவு விலகியது என்று தையல் நாடாவால் அளந்து கொப்பியில் எழுதினோம். முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. சுபா எய்தால் எல்லா அம்பும் நடுவிலேயே குத்தின. எந்த வால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவளுடைய கை தானாக அறிந்து, அதற்கு ஏற்றபடி சரிந்துவிடும். அப்படியானால் வால்களுக்கிடையில் வித்தியாசமே தெரியாது. "நீ எய்யடி. உன்ரை கை கூடாத கை, அதிலைதான் அம்பின்ரை குணம் தெரியும்" என்று வில்லை என்னிடம் தந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரிதான். கோழி இறகு என் பிழையையும் பொறுத்து நேராகப் போனது. எக்ஸ்ரே படம் வில்லில் உரசித் திசை மாறியது. ஆனால் மழைத் தூறலில் கோழி இறகு நனைந்து திரண்டுபோனபோதும், பனையோலை கிழிந்து தொங்கியபோதும், அந்தப் படம் மட்டும் எத்தனை தரம் எய்தும் அப்படியே நின்றது.

கண்காட்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது போராளி இயக்கத்துப் பெண்பிள்ளைகள் இருவர், இயக்கத்தில் சேரச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்தார்கள். பேசி முடித்துப் போகும் வழியில் ஒருத்தி ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் அம்பு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"ஆர் இதை எய்யிறது?"

நான் முந்திக்கொண்டேன். "நான்தான் அக்கா எய்யிறனான். சுபா எய்தால் எதைக் கட்டினாலும் குறி தப்பாது, அதுதான் அவளை விட்டிட்டம்."

சுபா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். வந்தவள் அவளை நிமிர்ந்து பார்த்து, முழுப் பெயரைக் கேட்டுக்கொண்டு போனாள். எனக்கு அன்று முழுவதும் பெருமை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபோது சுபா கொப்பியை என்னிடம் தந்து, "மிச்சத்தை நீ எழுது" என்றாள். தலையிடி என்று நினைத்தேன். அன்று அவள் வீட்டுக்கு வரவில்லை, இயக்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தது.

திங்கட்கிழமை மாமியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்ப் பக்கம் இயக்கத்துப் பெண்பிள்ளைகள் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற பிள்ளைக்கு எங்கள் வயதுதான் இருக்கும். "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை அம்மா."

"பேரை மாத்தியிருப்பியள் பிள்ளை. ஒருக்காக் காட்டினால் போதும், நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

வெயில் சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பினோம். ஆய்வுகூடத்தில் நான் முந்திக்கொண்டு சொன்ன வசனம் வழி முழுக்க என் வாய்க்குள் இருந்தது, மாமியிடம் சொல்லவில்லை. கண்காட்சியில் தனியாக நின்று வந்தவர்களுக்கெல்லாம் வால்களின் குணத்தை ஒப்புவித்தேன். பரிசு கிடைத்ததா என்று கேட்டால் இன்று எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் ஊரே இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஒடுங்கிக் கிடந்தபோதுதான், சுபாவின் குறியைப் பற்றி அவர்களிடம் சொன்னது நான்தான் என்று மாமியிடம் சொன்னேன். அவர் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "ஓம், அவள் சொன்னவள். அண்டைக்கே வந்து சொல்லிச் சிரிச்சவள்" என்றார். ஏசவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தத் திங்கட்கிழமை என் சைக்கிளில் ஏறியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வகுப்பறையில் இருந்த நாட்களில் அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு வீட்டுக்கும் கூரை இல்லை. வேலி இருந்த இடமும் தெரியவில்லை. வில்லும் கொப்பியும் சுபாவின் படங்களும் போன இடம் தெரியாது. போர் முடிந்த பிறகு, இறந்தவர்கள் என்று வெளிவந்த பெயர்களிலும் அவள் இல்லை, பிழைத்து வந்தவர்களிலும் இல்லை. என்ன பெயரில் தேடுவது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

போன வருடம் காணாமற்போனவர்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். இது எத்தனையாவது பதிவு என்று நாங்கள் இருவரும் எண்ணுவதை விட்டு வெகுகாலம். மேசையில் இருந்த இளம்பெண் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"காணாமற்போகேக்கை வயது?"

"பதினாறு."

"இப்ப இருந்தால் வயது?"

மாமி விரல்களை மடித்துப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உனக்கு இப்ப எத்தினை வயசு?"

"நாற்பத்தாறு மாமி."

"அப்ப அவளுக்கும் நாற்பத்தாறு எண்டு போடுங்கோ" என்றார் மாமி. அந்தப் பெண் போட்டாள்.