நூறு கார்டுக்கும் மஞ்சள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவள். வருகிறவர்கள் தாளை நீட்டுவார்கள், நான் நகல் எடுத்துக் கொடுப்பேன். அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

என் மகளும் என்னைப் போலத்தான். பொறியியல் கடைசி வருடம். மூன்று நேர்முகத் தேர்வுகளில் தோற்றுவிட்டு வந்தாள். "எல்லாம் தெரியுதும்மா. வாய்தான் வரமாட்டேங்குது" என்பாள். எனக்கு அது புரியும். புரிந்தும் என்ன செய்ய?

அப்போதுதான் சிறுசேரியில் ஒரு கூட்டம் என்றாள். கம்பெனிக்காரர்களை மாணவர்கள் நேரில் பார்த்துப் பேசலாமாம். விசிட்டிங் கார்டு எடுத்துவரும்படி கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் முதலாளிக்கு ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, வேலையே கெடைக்கல, அதுக்குள்ள கார்டா? பேருக்குக் கீழ இன்னா போடறது? வேலை தேடிகினு கீறேன்னு போட்டுடலாமா?"

சிரித்தாலும் அழகாகவே அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் பெயர், படிப்பு, ஃபோன் நம்பர். பின்பக்கம் ஒரே ஒரு வரி: மழைக்காலத்தில் முடிச்சூர் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ஃபோனுக்குச் சொல்லும் கருவியை அவள் செய்திருக்கிறாள் என்று. அவள் பள்ளியில் படித்தபோது முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்தது.

கார்டுகளைச் சாமி படத்தின் முன் வைத்தேன். அச்சடித்து நாலு பேருக்குக் கொடுக்கிற எதையும் மஞ்சள் வைக்காமல் வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. குழைத்து, நூறு கார்டிலும் நான்கு மூலைகளிலும் தொட்டுவைத்து, காயவைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் அவள் கத்தினாள். "அம்மா! யாருக்கும்மா கல்யாணம்?"

அடுத்த நொடியே கண் கலங்கிவிட்டது. "ஏற்கெனவே எனக்குப் பேச வராது. இதை எப்படிம்மா நீட்டுவேன்?"

அவளைக் கடைக்கு அழைத்துப்போனேன். அடையாள அட்டைகளின் மூலையை வளைவாக வெட்டும் சின்ன மிஷின் ஒன்று அங்கே உண்டு. அவள் ஒவ்வொரு கார்டாக வைக்க, நான் அழுத்தினேன். மஞ்சள் துணுக்குகள் மேசை முழுக்க விழுந்தன. பஸ்ஸுக்கு நேரமாவதற்குள் முப்பது தேறியது.

"போதும்மா. முப்பது பேர்கிட்டயா நான் பேசப்போறேன்?" என்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் வந்து சொன்னாள். நான்கு பேரிடம் கொடுத்தாளாம். மூன்று பேர் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நான்காவது ஒரு பெண் அதிகாரி. பெயர் கேட்டபோது இவள் பேசாமல் கார்டை நீட்டியிருக்கிறாள். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிச்சூரா? எந்தத் தெருவுலம்மா இதை வச்சுப் பார்த்தே?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவளிடம் பதில் இருந்தது. அரை மணி நேரம் பேசினாளாம்.

வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி பெயர் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? அத்தனை பேர் நடுவில் சொன்ன பெயர் அங்கேயே மறந்துபோகும். கார்டு அவர்கள் பையில் வீடு வரை போகும். பேச வராத பிள்ளைக்கு முதல் வார்த்தையையும் அதுவே பேசிவிடுகிறது. அதனால் கடைக்கு வரும் மாணவர்களிடம் இப்போது நானே கேட்கிறேன், கார்டு அடித்துக்கொண்டீர்களா என்று.

பத்து நாள் கழித்து, காலையில் அவள் ஃபோன் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர் என்றால் நான் தொடவே மாட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது எடுத்துவிட்டேன்.

"அவங்க கார்டு என்கிட்ட இருக்கு. இன்டர்ன்ஷிப் விஷயமா பேசணும்" என்றது ஒரு பெண் குரல்.

"நான் அவ அம்மாங்க. குளிச்சிட்டிருக்கா மேடம், வச்சிடாதீங்க. அந்தக் கருவியை அவளேதான் செஞ்சா. மழையில குடை பிடிச்சிக்கிட்டு நானும் கூட நின்னேன்..."

ஈரத் தலையோடு அவள் வந்து நின்றபோதும் நான் பேசிக்கொண்டேயிருந்தேன்.