முகம் போக மிச்சம்

றோசலின் ஒரு படத்தைக் கணினியில் திறந்தாளென்றால் அது மெலியாமல் மூடப்படாது. மரண அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, ஊர்ச்சங்க ஒன்றுகூடல் என்று ஒரு தமிழ் இணையத்தளத்துக்கு வரும் படங்களெல்லாம் கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில் அவளுடைய குசினி மேசைக்குத்தான் வரும். கேக்கையும் பூமாலையையும் பக்கத்தில் நிற்கும் மச்சானையும் வெட்டித் தள்ளுவாள். முகத்தை மட்டும் எடுத்து, அளவைக் குறைத்து, அதே பெயரில் அதன் மேலேயே சேமித்துவிடுவாள். பழைய கணினி, இடம் போதாது. தவிர, ஒரு ஆளுக்கு இரண்டு படம் கிடந்தால் எது எதுவென்று குழம்பும்.

“உன்ரை கையிலை அகப்பட்டால் அந்தோனியாரும் முத்திரையளவுதான்,” என்பான் அவள் கணவன் எமிலியானுஸ்.

“முத்திரையளவெண்டாலும் கெதியாய் வருவார். உங்கடை பெரிய படம் வவுனியாவிலை தலை காட்ட முதல், இன்ரநெற் கபேக்காரன் சனத்தை எழுப்பிக் கலைச்சுப்போடுவான்.”

தையல் தொழிற்சாலை மூடியபின் அவளுக்கு நாலு பேர் மதிக்கும் வேலையென்று வாய்த்தது இதுதான். தன் படங்கள் எந்த மெதுவான இணைப்பிலும் சட்டென்று வரும் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

2009 வசந்தத்தில், வன்னிப் போர் முடிகிற நேரம், தளத்தில் காணாமற்போனோருக்கென்று ஒரு பக்கம் திறந்தார்கள். முதல் வாரத்திலேயே மேல்மாடியிலிருந்து இந்திராதேவி இறங்கி வந்தாள். ஹோட்டலொன்றில் துணி வெளுப்பவள். மகன் வினோஜனை வன்னியில் தங்கையிடம் விட்டுவிட்டுக் கனடா வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கூப்பிடுவேன் கூப்பிடுவேன் என்று வருடங்கள் போயின. சமாதான காலத்தில், பதினெட்டு வயதில், கிளிநொச்சிக் கடையொன்றிலிருந்து அவன் ஒரேயொரு படம் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிற படம். வன்னியிலிருந்த மற்றப் படங்களெல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. தங்கையைப் பற்றியும் தகவல் இல்லை.

கடவுச்சொல்லை இந்திராதேவி சொல்ல, றோசலின் அஞ்சல்பெட்டியைத் திறந்து படத்தை இறக்கினாள்.

“பெரிசாய் ஒண்டு அடிச்சுத் தாறியே பிள்ளை? சுவரிலை வைக்க.”

“பேந்து தாறன் அக்கா. பிரிண்டரிலை மை முடிஞ்சு கிடக்கு.”

பிறகு வழக்கம்போல சைக்கிளை வெட்டினாள், கடையை வெட்டினாள், தோளுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினாள். சேமித்தாள். இந்திராதேவி வேலைக்குப் போகிறவள் என்பதால் படத்தின் கீழே தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டாள்.

கார்த்திகையில் வவுனியாவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. முகாமிலிருந்து விடப்பட்ட ஆனந்தராசா என்பவர்.

“தங்கச்சி, வினோஜன் எண்டு ஒரு படம் போட்டிருக்கிறியள். கடைசி நாளுகளிலை எங்கடை பங்கருக்குள்ளை ஒரு பொடியன் காயத்தோடை கிடந்தவன். பேர் கேக்கேல்லை. அம்மா கனடாவிலை எண்டு மட்டும் சொன்னவன். விடிய முதல் முடிஞ்சிட்டுது. நாங்கள்தான் மண் போட்டது.”

றோசலின் ஒரு பேனையைத் தேடி எடுத்தாள்.

“முகம் இவன் மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு. அப்ப எல்லாரும் தாடியும் எலும்பும்தானே. ஆனால் அவனுக்கு வலக்கையிலை ரெண்டு விரல் இல்லை. பதினாலு வயதிலை ஷெல் பட்டதாம். கை தெரியிற படம் இருந்தால் சொல்லுங்கோ. நாளைக்கு எடுக்கிறன்.”

அவள் கோப்பைத் திறந்தாள். பெரிதாக்கினாள். கன்னம் சதுரம் சதுரமாக உடைந்தது. கழுத்தோடு படம் முடிந்துபோயிற்று. அஞ்சல்பெட்டிக்குப் போனாள். மாதக்கணக்கில் யாரும் திறக்காததால் பெட்டி மூடப்பட்டு, உள்ளேயிருந்தவை அழிக்கப்பட்டுவிட்டதாக ஒரு வரி மட்டும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். சைக்கிள் சிவப்பென்பது ஞாபகம் இருந்தது. கைபிடியில் ஒரு கை இருந்தது. எத்தனை விரல்?

மறுநாள் காலை இந்திராதேவியைக் கீழே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டியதையும், அச்சடித்துக் கொடுக்காததையும் சொன்னாள். இந்திராதேவி அழவில்லை.

“ரெலிபோனிலை ஒரு நாளும் அவன் விரலைப் பற்றிச் சொன்னதில்லை,” என்றாள். “சொல்லவும் மாட்டான். நான் கத்துவன் எண்டு தெரியும்.” பிறகு, “நீதானே பிள்ளை வெட்டினது? கையைப் பார்த்திருப்பாய்.”

“நான் முகத்தைத்தான் அக்கா பார்த்தனான்.”

“வடிவாய் யோசி.”

“யோசிச்சிட்டன், அக்கா. வரேல்லை.”

“நானும்தான்... எத்தினை வரியம் காணாத முகம். கையை ஆர் பார்த்தது.”

தொலைபேசி அடித்தது. றோசலின் எழும்ப முதல் இந்திராதேவி பாய்ந்து எடுத்தாள்.

“அண்ணை, நான் தாய் கதைக்கிறன். அது என்ரை பிள்ளை இல்லை. பெரிய படம் இஞ்சை இருக்கு. அஞ்சு விரலும் வடிவாய்த் தெரியுது. இந்தப் பிள்ளையும் பார்த்தவள், நில்லுங்கோ, குடுக்கிறன்.”

தொலைபேசியை நீட்டினாள். றோசலின் வாங்கினாள்.

“உண்மையோ தங்கச்சி?”

இந்திராதேவி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் அண்ணை. அஞ்சும் இருக்கு.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்பாடா. அந்த அம்மாவுக்கெண்டாலும் நல்லது. அப்ப அவன் வேறை ஆற்றையோ பிள்ளை. அந்தத் தாயும் உங்கை எங்கையோதானே இருப்பா, பாவம். உங்களிட்டைத்தானே எல்லாற்றை படமும் கிடக்கு. கை தெரியிறதாய் ஒருக்கால் தேடிப் பாருங்கோ, தங்கச்சி. நான் திரும்ப எடுக்கிறன்.”

றோசலின் காணாமற்போனோர் பக்கத்தைத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாப் படங்களும் வந்து வரிசையாக நின்றன. பெடியன்கள், பெட்டைகள், ஒரு தகப்பன், இரட்டையர். எல்லோரும் கழுத்தோடு நின்றார்கள். ஒருவருக்கும் கை இல்லை.

பின்னால் இந்திராதேவி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய குரலில் றோசலின் இதுவரை கேட்டிராத ஒரு தெளிவு இருந்தது.

“பிள்ளை, எங்கடை படத்தை எல்லாத்துக்கும் மேலை போட்டுவிடு. உயிரோடை இருக்கிறவனெல்லே. ஆரும் கண்டால் உடனை சொல்லட்டும்.”

றோசலின் வினோஜனை எடுத்து முதல் வரிசையில் வைத்தாள். சேமித்தாள்.