பிறந்த வீட்டுக் கோடி

லண்டனில் இருந்த ஒரு பெரியவரும் மெல்போர்னில் இருந்த ஒரு அம்மாளும் கம்ப்யூட்டரில் பேசிக்கொள்வதை நான் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் அம்மாவின் அண்ணன். அந்த அம்மாள் என் அம்மாவின் மூத்த அண்ணன் மகள். நான் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் அப்போது ஒரு இரும்புப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். சாமான் ஆர்டர் பண்ணுவதற்காக ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். ஒருநாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் ஊர்ப் பேரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. அந்த ஊரின் ஒரு குடும்பத்துக்கு, அம்மா பிறந்த குடும்பத்துக்கே, வரலாறு எழுதுகிறார்களாம். கட்டம் கட்டமாகப் போட்டு, கோடு இழுத்து, யாருக்கு யார் மகன், எங்கே இருக்கிறார் என்று எழுதியிருந்தது. கீழே, ஊர்க்காரர்கள் யாரும் வந்து பேசலாம் என்று ஒரு அரட்டைப் பகுதி. பக்கத்து ஊர்க்காரன் என்று சொல்லிச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பும் இல்லை.

எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், லண்டனில் காலை, மெல்போர்னில் சாயங்காலம். தினமும் அந்த நேரத்தில் அவர்கள் வருவார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள்.

"குட் மார்னிங் மகளே. இங்க நாலு நாளா மழை. தக்காளிச் செடியெல்லாம் அழுகிப்போச்சு."

"இங்க குளிர் வாட்டுது சித்தப்பா. இன்னிக்கு வத்தக்குழம்பு வச்சேன். உங்க மாப்பிள்ளை ஒரு வாய் தின்னுட்டு பீட்சா வாங்கப் போயிட்டாரு."

"ரெண்டு நாள் பட்டினி போடு. வழிக்கு வந்துடுவாரு. அபுதாபி தம்பி, உங்க ஊர்ல எப்படி?"

"பட்டறைக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கு சார்."

"அப்ப முட்டைய வெளியில வச்சா ஆம்லெட் ரெடி!"

இப்படித்தான் போகும். நடுநடுவே குடும்பக் கதை வரும். பர்மாவுக்குப் போன ஒரு தாத்தா அங்கே ஒருத்தியைக் கட்டினாரா இல்லையா என்று ஒரு வாரம் சண்டை போடுவார்கள். பெரியவர் டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த அம்மாள் ஸ்கூல் டீச்சர். இரண்டு பேருக்கும் இது பொழுதுபோக்கு. நான் லீவில் போனபோது அவர்கள் கேட்டதற்காக அவர்களுடைய குலதெய்வக் கோயிலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "தங்கமான தம்பி" என்றார் பெரியவர். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமன் வாயால் ஒரு நல்ல வார்த்தை. அதற்குச் சந்தோஷப்பட்ட என்னை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ரூமில் என்னோடு இருந்த கிரேன் ஆபரேட்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். மன்னார்குடிப் பக்கத்து ஆள். தினமும் கேட்பான்.

"என்ன மாப்ள, ஒங்க மாமன் இன்னிக்கு என்ன சொன்னாரு?"

"தக்காளி அழுகிப்போச்சாம்."

"அய்யய்யோ. ஒரு தந்தி அடிச்சு துக்கம் கேட்டுடு."

அந்தக் குடும்ப மரத்தில் என் அம்மாவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பேர் இருந்தது. பிறந்த வருஷம் இருந்தது. பக்கத்தில் இறந்த வருஷமும் இருந்தது. 'மணமாகாதவர்' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி என் அம்மா செத்த பிறகுதான் நான் பிறந்திருக்கிறேன். அம்மா அப்போது ஊரில் என் பெண்டாட்டியோடு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அக்கா, இந்தக் கட்டத்துல இருக்கவங்க எப்படி இறந்தாங்க?"

அந்த அம்மாள் உடனே எழுதினாள். "அது எங்க அத்தை தம்பி. எனக்கு உசிரு. நான் ரெண்டாங் கிளாஸ் படிச்சப்ப செத்துப்போச்சு. நான் ஸ்கூல்ல இருந்து வர்றேன், வீட்டையே கழுவி விட்டிருக்காங்க, எல்லாரும் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறாங்க. என்னையும் பிடிச்சு ஊத்தினாங்க. அத்தை எங்கன்னு கேட்டேன். செத்துட்டான்னு எங்கப்பா சொன்னாரு. அத்தை பேரத்தான் எம் பொண்ணுக்கு வச்சிருக்கேன்."

நடந்தது இதுதான். அம்மா வேறு சாதி லாரி டிரைவரோடு போய்விட்டாள். அவர்தான் என் அப்பா. அவள் போனது தெரிந்த அன்று அவள் வீட்டில் எல்லாரும் தலை முழுகினார்கள். இனி அவள் எங்களுக்குச் செத்தவள் என்று அதற்கு அர்த்தம். பெரியவர்களுக்கு அது புரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? பிணம் எங்கே என்று கேட்கத் தெரியாத வயசு. எல்லாரும் குளித்தார்கள், அத்தை செத்தாள், அவ்வளவுதான். அதையே முப்பது வருஷத்துக்கு மேல் நம்பி, மெல்போர்னில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

லண்டன்காரர் மேல் வந்தது. அவருக்கு அப்போது கல்யாண வயசு. அவரும் குளித்தவர்தான். அவர் எழுதினார்: "அந்தக் காலத்தில் டைபாய்டு வந்தால் அவ்வளவுதான்." டாக்டர் இல்லையா, வியாதியின் பேர் கூடச் சரியாகச் சொன்னார். அடுத்த வரியில் பர்மா தாத்தாவுக்குப் போய்விட்டார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன் பண்ணினேன். அம்மா அழவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாண்டா. கோடி வேணும்."

எங்கள் பக்கம் ஒரு பொம்பளை செத்தால் அவள் பிறந்த வீட்டு ஆண், அண்ணனோ தம்பியோ அவர்கள் மகனோ, ஒரு புதுச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். பந்தலில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்பார்கள், பிறந்த வீட்டுக் கோடி வந்ததா என்று. அது இல்லாமல் எடுத்தால் நாதியில்லாமல் போனவள் என்று பேர். ஒரு தடவை குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரி, "செத்தா மேல போட ஒரு கோடிச் சேலைக்கு வழியில்ல, நீ பேசுறியா" என்று அம்மாவைக் கேட்டுவிட்டாள். அன்றைக்கு முழுக்க அம்மா சாப்பிடவில்லை.

"நான் வாங்கித் தரேம்மா. பட்டுலயே வாங்குறேன்."

"நீ போட்டா மகன் போட்டது. அது கோடியா? யாரையாச்சும் தெருவுல போறவன நிறுத்திப் போடச் சொல்லிடாத. அப்புறம் எனக்கு மனசு ஆறாது."

மறுநாள் மத்தியானம் அரட்டைக்குப் போனேன். மெல்போர்னில் பள்ளிக்கூட விழா, லண்டனில் வெயில் வந்துவிட்டது, எல்லாரும் நல்ல குஷியில் இருந்தார்கள். நான் வளைத்துப் பேசவில்லை. "அக்கா, உங்க அத்தை சாகலை. எங்க வீட்லதான் இருக்காங்க. நான் அவங்க மகன். இப்பதான் சாகப் போறாங்க. பிறந்த வீட்டுக் கோடி கேக்குறாங்க. மாமா, நீங்க அண்ணன். நீங்கதான் சொல்லணும்" என்று எழுதி, ஸ்டோர் போன் நம்பரையும் கீழே போட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் அடித்தது. அப்புறம் பெரியவரிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒன்று வந்தது. "தம்பி, பழசையெல்லாம் கிளறுவது யாருக்கும் நல்லதல்ல. இது நாங்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற ஒரு ஹாபி. தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். உங்கள் தாயார் குணமடையப் பிரார்த்திக்கிறேன்." உங்கள் தாயாராம். தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை.

அந்த அம்மாள் மறுநாள் ஸ்டோருக்கே போன் பண்ணிவிட்டாள். எடுத்ததும் அழுகை.

"நெசமா தம்பி? நெசமாவே இருக்காங்களா?"

"இருக்காங்க மதினி. தம்பி கிம்பி வேண்டாம், நான் உங்களுக்குக் கொழுந்தன் முறை."

"எத்தனை வருசம் நான் ஊருக்கு வந்திருக்கேன். ஒருத்தர் சொல்லல. உங்க தெரு வழியாப் போயிருந்தாக்கூடப் பாத்திருப்பேன்." அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "நம்பர் குடு. நான் பேசுறேன்."

பேசினாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்களாம். தன் பேரைப் பேத்திக்கு வைத்திருப்பதைக் கேட்டு அம்மா சிரித்திருக்கிறாள். என்னிடம் சொன்னாள்: "நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா வைக்க விட்ருப்பானுகளா? செத்ததுல ஒரு லாபம்."

"சேலை அனுப்புறேன்னு சொல்லுச்சாம்மா?"

"சொன்னா. வேண்டாம்னுட்டேன். அவ கட்டிக்குடுத்த பொண்ணு, வேற வீட்டுக்காரி. அவ தம்பி திருச்சியில இருக்கானாம். அவன்தான் எங்க வீட்டு ஆளு. அவன அனுப்புறேன்னிருக்கா."

மதினி மரத்தில் அம்மாவின் இறந்த வருஷத்தை எடுத்துவிட்டாள். என் பேரை ஒரு கோடு போட்டுக் கீழே எழுதினாள். 'மணமாகாதவர்' என்பதும் போனது. ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குக் கட்டம் போடவில்லை. அவர் பேர் என்ன என்றுகூட யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சாதியும் கேட்க வேண்டிவரும் என்று பயந்தார்களோ என்னவோ.

அம்மா ஈத் விடுமுறையில் செத்தாள். என் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் பூட்டிக் கிடந்தது. திறக்கிறவன் ஊருக்குப் போயிருந்தான். நான் கத்தாத கத்தல் இல்லை. கேம்ப் சூப்பர்வைசர், "ஆபீஸ் மாஃபி பாய், ஆபீஸ் இல்ல, மூணு நாள் பொறு" என்றான். மூணு நாள் அம்மாவை வைத்திருக்க முடியுமா? ஊரில் இருந்த என் தம்பி கொள்ளி வைத்தான். கிரேன் ஆபரேட்டர் அன்றைக்கு என்னைக் கிண்டல் பண்ணவில்லை. போன் கார்டு வாங்கிச் சுரண்டிக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

பெண்டாட்டியிடம் கேட்டேன். "கோடி வந்துச்சா?"

"வந்துச்சு."

"யாரு? திருச்சிக்காரனா?"

"கார்ல வந்தாரு. தெரு முக்குலயே நிறுத்திட்டாரு. டிரைவர்கிட்ட பையக் குடுத்து விட்டாரு. நான் ஓடிப் போயி, உள்ள வாங்கண்ணேன்னு கூப்பிட்டேன். 'அக்கா சொன்னுச்சு, கொண்டாந்துட்டேன். இதுக்கு மேல என்னால முடியாது'ன்னாரு. கண்ணாடியக் கூட முழுசா இறக்கல."

"சரி. சேலை?"

"செவப்புப் பட்டு. கூட மல்லிப்பூ, குங்குமம், கண்ணாடி வளையல், மஞ்சள் கயிறு."

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அப்பா செத்து ஏழு வருஷம். தாலி அறுத்தவளுக்கு யாரும் பூவும் குங்குமமும் வைத்துக் கோடி கொண்டுவர மாட்டார்கள். புருஷனோடு வாழ்ந்து போகிறவளுக்குக் கொண்டுவருவது அது. அவர்களுக்கு அப்பா செத்ததே தெரியாது. அம்மாவும் போனில் சொல்லியிருக்க மாட்டாள். பிறந்த வீட்டு மனுஷியோடு பேசுகிற சந்தோஷத்தில் எதற்கு என்று விட்டிருப்பாள்.

"பந்தல்ல பிரிச்சுட்டாங்க. எல்லாரும் பாத்துட்டாங்க," என்றாள் பெண்டாட்டி. "பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, புருசன் செத்ததே தெரியாத பொறந்த வீடுன்னு. ரெண்டு மூணு பேரு சிரிச்சாளுக. திருப்பிக் குடுத்துடுன்னு ஒருத்தி சொல்றா. அதுக்குள்ள காரு போயிருச்சு."

"நீ என்ன பண்ணுன?"

"பூவையும் வளையலையும் எடுத்து வச்சேன். சேலைய மட்டும் போத்துனேன். அத்தை கேட்டது அதானே. எவ என்ன சொன்னா எனக்கென்ன."

ஈத் முடிந்து ஸ்டோரைத் திறந்த அன்றைக்கு மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டேன். மதினி எழுதியிருந்தாள். "என் தம்பி குடுத்துட்டு வந்துட்டேன்னு சொன்னான். என் மனசு நிறைஞ்சிருச்சு. அத்தை ஆசை நிறைவேறிடுச்சு. மாமா எப்படி இருக்காரு? தனியா ஆயிட்டாரே, அவர யாரு பாத்துக்குறா?"

அப்பாவைப் பற்றி முதல்முதலாகக் கேட்கிறாள். கேட்க வேண்டியதை நாலு நாள் பிந்திக் கேட்கிறாள். "அப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சு மதினி" என்று எழுதினேன். சேலை சிவப்பு என்றோ பந்தலில் சிரித்தார்கள் என்றோ எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. எதைக் கொடுத்து அனுப்பினோம் என்று அவளுக்கே தெரியும். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பெரியவர்தான் வந்தார். இந்தத் தடவை எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதினார். செத்தவர்களோடு அவருக்குச் சண்டை கிடையாது போலிருக்கிறது.

"மிகவும் வருத்தமான செய்தி. இரண்டு பேருடைய வருஷத்தையும் சொன்னால் மரத்தில் போட்டுவிடலாம்."

கவுண்டரில் ஒரு வெல்டர் வந்து நின்று ராடு கேட்டான். எடுத்துக் கொடுக்க எழுந்து போனேன்.