தனத்தின் கண்

கீழ்பென்னாத்தூர்த் தனமும் பொன்னியும் இரட்டைப் பிள்ளைகள். தனம் ஏழு நிமிடம் மூத்தவள், ஆனால் அந்த ஏழு நிமிடத்தை எவன் மதித்தான்? ஒரே முகமாயிற்றே! ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தியை அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். போவது எப்போதும் பொன்னிதான், அவளுக்குத்தான் வாய் நீளம். 1989-இல் தனத்தைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குக் கடும் காய்ச்சல். பொன்னியை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். தனத்துக்கு வாய்த்த மாப்பிள்ளை மூர்த்தி நல்ல மனிதர்தான். இருந்தாலும் தனத்துக்கு அந்த ஆத்திரம் ஆறவே இல்லை.

பிறகு இருவரும் ஒரே கடலை மில்லில் வேலை பார்த்தார்கள். ஆள் மாறாட்டத்தைத் தடுக்க மில்லில் கைரேகை மெஷின் வைத்தார்கள். கடலை உரித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? அதனால் 2009-இல் கருவிழியைப் படம் பிடிக்கும் மெஷின் வந்தது. பதியாதவர்களுக்கு வேலை கிடையாது என்றார்கள்.

பதிவு நாளன்று தனத்தின் நிலத்தில் அறுவடை. பொன்னி வழக்கம்போலத் தனம் என்று சொல்லிக் கண்ணைக் காட்டினாள். பிறகு தன் பெயருக்கும் அதே கண்ணைக் காட்டினாள். ஏற்கெனவே பதிந்த கண் என்று மெஷின் கத்திவிட்டது. மெஷினைக் கவனிக்க மில்லுக்குப் புதிதாக வந்த அறிவுச்செல்வன், இருப்பது ஒரே ஆள்தான் என்று அந்தக் கண்ணைப் பொன்னி பெயரில் ஏற்றிவிட்டுத் தனத்தின் பெயரை அடித்துவிட்டான்.

"விடு தனம், நான் போறேன். கூலியில பாதி உனக்கு," என்றாள் பொன்னி.

"என் பேரை அடிக்க அவன் யாரு?" என்று மறுநாள் காலையில் தனம் மில்லுக்குக் கிளம்பினாள். பொன்னியும் பின்னாலேயே வந்து கேட்டருகில் நின்றுகொண்டாள்.

"நேத்தே மாட்டினியேம்மா, இன்னிக்கும் ஏமாத்தப் பாக்கறியா?" என்றான் அறிவுச்செல்வன்.

"நேத்து வந்தவ என் தங்கச்சி. இது என் கண்ணு. வெச்சுப் பாருங்க."

"மூஞ்சி ஒண்ணா இருக்கு, கண்ணு மட்டும் வேறயா இருக்குமா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே மெஷின் வாங்கினீங்க? என்னை ஏன் கேக்கறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் சிவக்க மெஷினைத் திருப்பினான். தனம் இமைக்காமல் பார்த்தாள். அவன் ஒருமுறை வைத்துப் பார்த்தான், நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தான். பொன்னியின் பதிவோடு அந்தக் கண் ஒத்துப்போகவே இல்லை.

"வேற ஆளுதான்," என்று முணுமுணுத்தான்.

நாற்பது வயதில் இதைச் சொல்ல ஒரு வாய் கிடைத்ததே என்று தனத்துக்கு அழுகை முட்டியது. கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சத்தமா சொல்லுங்க சார். கேட்டாண்ட நிக்கிறவளுக்கும் கேக்கட்டும்."