அஞ்சு மணிக்கு மேல்தான் தண்ணீர்

என் தங்கை வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் நர்ஸ். பதினெட்டு வருடமாக இதே வேலை. அவள் பையில் பிரஷர் கருவியோடு, சுவரில் மாட்டும் வெப்பமானியும் இருக்கும். ஆளைத் தொடும் முன்பு அறையைப் பார்ப்பாள். இரண்டு மாத வெயில் இப்போது நான்கு மாதமாகிவிட்டது, விடியும்போதுகூடச் சுவர் சுடுகிறது என்பாள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருடம் ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. மாடியறையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒரே வாரத்தில் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்தார். இரண்டும் பிற்பகல் மூன்று மணி வாக்கில். அது ஏன்? இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகன் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பானாம்.

“தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?”

“தினம் ரெண்டு ஜக்கு காலி பண்றேன் நர்ஸம்மா. ஜக்கையே கேட்டுப் பாருங்க.”

பொய் சொல்லும் மனிதர் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஜக்கில் பிளாஸ்டர் துண்டு ஒட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு வந்தாள். ஒரு மணிக்குப் போனால், மட்டம் நூலளவும் இறங்கவில்லை. அறையில் முப்பத்தெட்டு டிகிரி.

“அப்ப எப்பதான் குடிப்பீங்க?”

“அஞ்சு மணிக்கு மேல. வண்டிய எடுத்தா டிப்போவுல விடற வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. நடுவழியில ஒதுங்கணும்னா அறுபது பேரையும் கூட்டிக்கிட்டா போறது?”

“ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாச்சே.”

“எனக்குத்தான் ஆர்டர் குடுத்தாங்க. உடம்புக்கு யாரும் குடுக்கலையே.”

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. பழைய பழக்கத்தை இந்தப் புதிய வெயிலில் உடம்பு தாங்கவில்லை. தங்கை அன்றே டாக்டரிடம் பேசினாள். பிரஷருக்காக, நீர் பிரியக் கொடுத்திருந்த மாத்திரையை டாக்டர் குறைத்தார். பிறகு தங்கை ஓர் அட்டையில் பஸ் நேர அட்டவணை போல எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டம்ளர் வரைந்தாள். கழிப்பறைக் கதவில் ‘பஸ் நிற்கும்’ என்று எழுதி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை மகன் காலிப் பெட்டியோடு வந்தபோது மணி பன்னிரண்டு. டிரைவர் டம்ளரை எடுத்தார்.

“இருடா, ட்ரிப்பு இருக்கு.”

மகன் நம்பாமல் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தான். அவர் இரண்டு முறை எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்தார். தள்ளாடவில்லை, சுவரைப் பிடிக்கவும் இல்லை.

“இந்த அட்டைய யாருப்பா எழுதினது?”

பிரஷர் பார்க்க வந்திருந்த என் தங்கையை அவர் காட்டினார். “என் டைம் கீப்பர்.”

பெட்டி காலியாகவே திரும்பிப் போனது. புதிதாக யாரைப் பார்க்கப் போனாலும், என்ன வேலை பார்த்தீர்கள் என்றுதான் தங்கை இப்போது முதலில் கேட்கிறாள்.